டிஎல்எல்லை மாற்றியும் பில்லில் 28 சதவீதமே வருகிறதே, ஏன்?

கேள்வி: வணக்கம் சார். கோவையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சி ஷார்ப்பில் வேலை பார்க்கிறேன். டிவி, ஃபிரிட்ஜ், ஏசி விற்கும் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். வரி விகிதங்கள் எல்லாம் ஒரு பொது டிஎல்எல்லில் (பல ப்ரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் கோடு ஃபைல்) பப்ளிக் கான்ஸ்ட் டெசிமலாக, அதாவது வெளியே இருந்தும் பயன்படுத்தக்கூடிய மாறாத தசம எண்ணாக இருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 ஆனபோது அந்த ஒரு வரியைத் திருத்தி, டிஎல்எல்லை மட்டும் கடைகளுக்கு அனுப்பினோம். என் மெஷினில் 18 வந்தது, கடையில் 28 தான் வந்தது. மொத்தத்தையும் மறுபடி பில்ட் செய்து அனுப்பியதும் சரியாகிவிட்டது, ஏன் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. ஸ்டாட்டிக் ரீட்ஒன்லி (ஓடும்போது ஒரு முறை மதிப்பு வாங்கி, அப்புறம் மாறாத ஃபீல்ட்) ஆக்கிவிடலாமா என்று கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதான், கான்ஸ்ட்தான் வேகம்" என்கிறார் சீனியர். இன்னொன்று, சலுகைப் பொருட்களின் பட்டியலை ஸ்டாட்டிக் ரீட்ஒன்லி லிஸ்டாக வைத்திருக்கிறோம், அதில் புதுப்புதுப் பொருள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. ரீட்ஒன்லி என்றால் மாற்ற முடியாது அல்லவா? பெயர் வேண்டாம்.

பதில்:

வணக்கம். உங்கள் சீனியர் சொன்னதில் முதல் பாதி தவறு, இரண்டாம் பாதி உங்கள் விஷயத்தில் கிட்டத்தட்ட தலைகீழ். அவரிடம் இதை அப்படியே போய்ச் சொல்ல வேண்டாம், கீழே இருப்பதைச் செய்து காட்டுங்கள், அவரே ஒத்துக்கொள்வார்.

கான்ஸ்ட் என்று எழுதிய ஃபீல்டை உங்கள் பில்லிங் எக்ஸி, அதாவது கடையில் ஓடும் ப்ரோகிராம் ஃபைல், ஓடும்போது போய்ப் படிப்பதே இல்லை. எக்ஸியை கம்பைல் செய்கிற நேரத்தில் கம்பைலர் அந்த டிஎல்எல்லைத் திறந்து, அங்கே இருக்கும் 28 என்ற எண்ணை எடுத்து, நீங்கள் ஏசிவரி என்று எழுதியிருந்த ஒவ்வொரு இடத்திலும் நேரடியாகப் பதித்துவிடுகிறது. அதோடு அந்தப் பெயருக்கும் எக்ஸிக்கும் உள்ள உறவு முடிந்தது. அப்புறம் டிஎல்எல்லில் 18 என்று மாற்றினாலும் சரி, 180 என்று மாற்றினாலும் சரி, எக்ஸிக்கு அது தெரியவே தெரியாது. கம்பெனி விலையைக் குறைத்துவிட்டது என்பதற்காகக் கடை அலமாரியில் ஏற்கனவே அடுக்கியிருக்கும் பாக்கெட்டில் அச்சடித்த எம்ஆர்பி தானாக மாறிவிடாது இல்லையா, அதே கதைதான்.

கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். ஐஎல்ஸ்பை என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, அதில் கடையில் 28 காட்டிய அந்தப் பழைய எக்ஸியைத் திறந்து, பில் தொகை கணக்கிடும் மெதடுக்குப் போய், மேலே மொழித் தேர்வில் சி ஷார்ப்புக்குப் பதில் ஐஎல் (கம்பைலர் எழுதித் தரும் இடைநிலை மொழி) என்று மாற்றுங்கள். வரி கணக்கிடும் இடத்தில் உங்கள் கிளாஸின் பெயரும் இருக்காது, ஏசிவரி என்ற பெயரும் இருக்காது. 28 என்ற எண்ணை ஸ்டாக்கில் ஏற்று என்று ஒரு கட்டளை, அந்த எண்ணை வைத்து ஒரு டெசிமலை உருவாக்கு என்று அடுத்த கட்டளை, அவ்வளவுதான். அதே ஃபீல்டை ஸ்டாட்டிக் ரீட்ஒன்லி என்று மாற்றி எல்லாவற்றையும் பில்ட் செய்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள், அதே இடத்தில் இன்ன கிளாஸின் இன்ன ஸ்டாட்டிக் ஃபீல்டைப் படி என்று முழுப் பெயரோடு ஒரே கட்டளை இருக்கும். உங்கள் முதல் கேள்விக்கு முழு விடை இந்த இரண்டு திரைகளுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

இதில் இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு டிஎல்எல்லில் இருந்து கான்ஸ்டுகளை மட்டும்தான் எடுத்துப் பயன்படுத்துகிறீர்கள், வேறு எந்த மெதடையும் கிளாஸையும் தொடவில்லை என்று வையுங்கள். அப்போது கம்பைல் ஆன எக்ஸியின் ரெஃபரன்ஸ் பட்டியலில் அந்த டிஎல்எல்லின் பெயரே இருக்காது. ஃபோல்டரில் இருந்து அந்த ஃபைலை அழித்துவிட்டாலும் பில் ஜம்மென்று போடும்.

உங்கள் மெஷினில் மட்டும் ஏன் சரியாக வந்தது என்றால், அங்கே இரண்டு ப்ராஜெக்டும் ஒரே சொல்யூஷனில் இருக்கிறது, டிஎல்எல்லில் கை வைத்ததும் அதை நம்பியிருக்கும் எக்ஸியையும் விஷுவல் ஸ்டுடியோ சேர்த்தே கம்பைல் செய்துவிடுகிறது, புது எண் பதிந்துவிடுகிறது. இந்தப் பிழை டெவலப்பர் மேஜையில் வரவே வராது, கடையில்தான் வரும். டெஸ்டிங் செய்கிறவரும் முழு பில்டில்தான் டெஸ்ட் செய்வார் என்பதால் அங்கேயும் பிடிபடாது. "இப்போதெல்லாம் யார் சார் டிஎல்எல்லை மட்டும் மாற்றுகிறார்கள், எல்லாவற்றையும் சேர்த்துத்தானே பப்ளிஷ் செய்கிறோம்" என்று சிலர் சொல்வார்கள். ஒரே சொல்யூஷன் என்றால் அது சரிதான், ஆனால் நுகெட் பேக்கேஜ் (டாட்நெட்டில் கம்பைல் ஆன கோடைப் பகிரும் பொட்டலம்) என்று வந்துவிட்டால் கதை வேறு: வரி பேக்கேஜைப் பார்த்து கம்பைல் ஆன ரிப்போர்ட் பேக்கேஜ் ஒன்று இருக்கும், உங்கள் ஆப் இரண்டையும் பயன்படுத்தும், நீங்கள் வரி பேக்கேஜை மட்டும் புது வெர்ஷனுக்கு ஏற்றுவீர்கள், ஆப் 18 என்று பில் போடும், ரிப்போர்ட் 28 என்று கூட்டிக் காட்டும். மாதக் கடைசியில் ஆடிட்டர் போன் செய்யும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

சரி, வேகத்துக்கு வருவோம். டெசிமலைப் பொறுத்தவரை சீனியரின் வாதம் நிற்கவே நிற்காது. டாட்நெட்டின் அடித்தளத்தில் டெசிமலுக்கு நேரடியான மாறிலி வடிவம் கிடையாது, முழு எண், புள்ளி எண், எழுத்து, பூல், ஸ்ட்ரிங் மாதிரியானவற்றுக்குத்தான் உண்டு. நீங்கள் கான்ஸ்ட் டெசிமல் என்று எழுதினால் கம்பைலர் உள்ளுக்குள் அதை ஒரு ஸ்டாட்டிக் ரீட்ஒன்லி ஃபீல்டாகவே எழுதி, 'இது மாறிலி' என்று ஒரு ஆட்ரிபியூட்டை மேலே ஒட்டிவைக்கிறது. பயன்படுத்தும் இடங்களிலோ ஐஎல்ஸ்பையில் பார்த்த மாதிரி ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு டெசிமலை உருவாக்கும் கட்டளையைப் பதிக்கிறது. இதில் வேகம் எங்கே இருக்கிறது? இன்ட், பூல் போன்றவற்றுக்குக்கூட இன்றைக்கு இந்தப் பேச்சுக்கு அர்த்தம் குறைவு. 2019இல் வந்த டாட்நெட் கோர் 3.0 முதல், ஒரு மெதட் 30 தடவை ஓடியதும் ஜிட் கம்பைலர் (ப்ரோகிராம் ஓடும்போதே ஐஎல்லை இயந்திர மொழியாக்குவது) அதை மறுபடி நன்றாகச் செதுக்குகிறது. அந்த நேரத்துக்குள் ஸ்டாட்டிக் ரீட்ஒன்லி ஃபீல்டுக்கு மதிப்பு வந்திருக்கும், இனி மாறாது என்றும் ஜிட்டுக்குத் தெரியும், அதனால் அதுவே அந்த மதிப்பை எண்ணாகப் பதித்துக்கொள்கிறது. பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் ஓடினாலும், மெமரியில் இருந்து ஒரு மதிப்பைப் படிக்கும் நேரம், தெர்மல் பிரின்டர் ஒரு வரி அடிக்கும் நேரத்துக்கு முன்னால் எந்த மூலைக்கு?

அப்படியானால் கான்ஸ்டே வேண்டாமா என்று கேட்காதீர்கள். பிரைவேட் கான்ஸ்டை இஷ்டத்துக்கு வையுங்கள், அது அந்த கிளாஸை விட்டு வெளியே போகாது, பழைய மதிப்பு எங்கேயாவது தங்கிவிடுமோ என்ற பயம் இல்லை. இன்டர்னலும் பெரும்பாலும் அப்படியே. யோசிக்க வேண்டியது பப்ளிக் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கான்ஸ்ட் வரும்போது மட்டும்தான். அங்கே நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த மதிப்பு மாற வேண்டுமானால் உலகமே மாற வேண்டுமா, அல்லது டெல்லியில் ஒரு கூட்டம் நடந்தால் போதுமா? டாட்நெட்டை எழுதியவர்களும் இதே கணக்கில்தான் போயிருக்கிறார்கள். மேத் கிளாஸின் பை ஒரு கான்ஸ்ட், இன்டின் மேக்ஸ்வேல்யூ ஒரு கான்ஸ்ட், இரண்டும் நாளைக்கு மாறப்போவதில்லை. ஆனால் பாத் கிளாஸில் ஃபோல்டர்களைப் பிரிக்கும் குறி இருக்கிறதே, விண்டோஸில் பின்சாய்வு, லினக்ஸில் முன்சாய்வு, அது ஸ்டாட்டிக் ரீட்ஒன்லி. ஏனென்றால் கம்பைல் செய்கிற மெஷினும் ஓடுகிற மெஷினும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஓடத் தொடங்கும்போதுதான் எது சரி என்று தெரியும்.

சில இடங்களில் கான்ஸ்டைத் தவிர வேறு வழியே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்ரிபியூட்டுக்குள் கொடுக்கும் மதிப்பு, ஸ்விட்ச்சில் கேஸ் பக்கத்தில் வரும் மதிப்பு, மெதட் பாராமீட்டரின் டீஃபால்ட் மதிப்பு இவையெல்லாம் கம்பைல் நேரத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். ஸ்ட்ரிங்கின் எம்ப்டி ஒரு ஸ்டாட்டிக் ரீட்ஒன்லி என்பதால் அதை டீஃபால்ட் மதிப்பாகக் கொடுத்தால் கம்பைலர் திட்டும், வெறும் இரட்டை மேற்கோள் போட்டால் ஏற்றுக்கொள்ளும். இதைப் பார்த்துக் குழம்பாதவர்கள் குறைவு. உங்கள் வரி கான்ஸ்டுகளை ரீட்ஒன்லி ஆக்கும்போது இப்படிப்பட்ட இடங்கள் சிவப்புக் கோட்டோடு எழுந்து நிற்கும். பயப்பட வேண்டாம், அவற்றை இஃப் ஆகவோ வேறு மாதிரியோ எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று, ஸ்டாட்டிக் ரீட்ஒன்லி ஆக்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் அடுத்த முறையும் கடைக்காரர் போன் செய்வார்.

ஸ்டாட்டிக் ரீட்ஒன்லிக்கு மதிப்பு வருவது அந்த கிளாஸ் தயாராகும்போது ஒரே ஒரு முறை. விகிதத்தை கான்ஃபிக் ஃபைலில் இருந்து படித்து அதில் வைத்துவிட்டீர்கள் என்றே இருக்கட்டும். கடையில் கம்ப்யூட்டரை யாரும் அணைப்பதில்லை, பில்லிங் திரை 21ஆம் தேதி காலையில் திறந்தது திறந்தபடி 22ஆம் தேதி காலையிலும் இருக்கும், ராத்திரி கான்ஃபிக்கில் 18 என்று எழுதியிருந்தாலும் மூடித் திறக்கும்வரை 28 தான். இன்னொரு தொல்லை, அந்த கான்ஃபிக் ஃபைலே இல்லாமல் போய் முதல் முறை படிக்கும்போது எக்செப்ஷன் வந்துவிட்டால், டாட்நெட் அந்த கிளாஸையே கெட்டுப்போனதாக வைத்துக்கொள்ளும், அப்புறம் ஃபைலைக் கொண்டுவந்து வைத்தாலும் ப்ரோகிராமை மறுபடி தொடங்கும்வரை தொட்ட இடமெல்லாம் அதே பிழைதான்.

இதையெல்லாம்விட முக்கியமானது, 28 இன்னும் சாகவில்லை. செப்டம்பர் 20ஆம் தேதி 28 சதவீதத்தில் ஏசி வாங்கிய ஒருவர் 25ஆம் தேதி திருப்பிக் கொண்டுவருகிறார். அந்த கிரெடிட் நோட்டைப் பழைய விகிதத்தில்தான் போட வேண்டும், அதாவது மாநிலத்துக்குள் என்றால் மத்திய வரி 14, மாநில வரி 14 என்று பிரித்து; அதே நாளில் விற்கும் புது ஏசிக்கு 9, 9. ஒரே நாளில் இரண்டு விகிதமும் வேண்டும், ஒரு கான்ஸ்டோ ஒரு ரீட்ஒன்லியோ இதற்கு எப்படிப் போதும்? வரி விகிதம் என்பது கோடில் இருக்க வேண்டிய பொருளே அல்ல, டேட்டாபேஸில் ஒரு டேபிளில் இருக்க வேண்டியது. எச்எஸ்என் குறியீடு (பொருளின் வகையைச் சொல்லும் எண்), விகிதம், எந்தத் தேதியிலிருந்து, இந்த மூன்று பத்தி போதும். ஏசிக்கான 8415 என்ற குறியீட்டுக்கு இரண்டு வரிசை இருக்கும்: 2017 ஜூலை 1 முதல் 28, 2025 செப்டம்பர் 22 முதல் 18. பில் போடும்போது பில் தேதியைக் கொடுத்துக் கேளுங்கள், கிரெடிட் நோட் என்றால் மூல பில்லின் தேதியைக் கொடுத்துக் கேளுங்கள். அடுத்த முறை விகிதம் மாறும்போது, முந்தைய வாரமே ஒரு வரிசையைச் சேர்த்துவிட்டுத் தூங்கப் போகலாம், டிஎல்எல்லும் வேண்டாம், எக்ஸியும் வேண்டாம்.

அப்படிக் கேட்டு வந்த விகிதத்தை எங்கே வைப்பது என்றால், அங்கேதான் ஸ்டாட்டிக் இல்லாத ரீட்ஒன்லிக்கு உண்மையான வேலை. பில் வரி ஒன்றுக்கு ஒரு ஆப்ஜெக்ட் உருவாகும்போது கன்ஸ்ட்ரக்டரில் விகிதத்தைக் கொடுங்கள், அந்த ஃபீல்ட் ரீட்ஒன்லியாக இருக்கட்டும். ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் அதனதன் மதிப்பு, பிறக்கும்போது கிடைத்தது, அதற்குப் பிறகு எந்த மெதடும் அதைத் தொட முடியாது. கான்ஸ்டால் இது முடியவே முடியாது, அது எப்போதும் கிளாஸுக்குச் சொந்தம், ஆப்ஜெக்டுக்கு அல்ல. ஃபீல்டாக வெளியே காட்டப் பிடிக்கவில்லை என்றால் கெட் மட்டும் உள்ள ப்ராபர்ட்டியாக எழுதலாம், சி ஷார்ப் 6 முதல் அது ஒரே வரி. சி ஷார்ப் 9இல் வந்த இனிட்டும் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது மட்டும் மதிப்பு கொடுக்க விடுவது) இருக்கிறது, ஆனால் பில் போன்ற விஷயத்தில் எனக்கு கன்ஸ்ட்ரக்டர்தான் பிடிக்கும், விகிதம் கொடுக்காமல் ஒரு பில் வரி உருவாகவே கூடாது.

இனி அந்த லிஸ்ட். ரீட்ஒன்லி பூட்டுவது ஃபீல்டைத்தான், ஃபீல்ட் காட்டும் ஆப்ஜெக்டை அல்ல. அந்த ஃபீல்டுக்கு வேறொரு லிஸ்டை யாராலும் கொடுக்க முடியாது, ஆனால் இருக்கும் லிஸ்டில் ஆட், ரிமூவ், கிளியர் எல்லாம் தாராளமாக நடக்கும். கம்பைலர் இதற்கு ஒரு எச்சரிக்கைகூடத் தராது. இதில் மைக்ரோசாஃப்டே ஒரு முறை சிக்கியிருக்கிறது. பாத் கிளாஸில் பாதையில் வரக்கூடாத எழுத்துகளின் அர்ரே ஒன்று, பப்ளிக் ஸ்டாட்டிக் ரீட்ஒன்லியாக இருந்தது. அர்ரே என்பதால் யார் வேண்டுமானாலும் அதன் முதல் எழுத்தை மாற்றி எழுதலாம், மாற்றினால் அந்த ப்ரோகிராம் முழுக்க மாறிவிடும். 2005இல் டாட்நெட் 2.0 வந்தபோது அதற்குப் பதிலாக ஒரு மெதட் கொடுத்தார்கள், கூப்பிடும்போதெல்லாம் அது புதிய நகல் ஒன்றைத் தரும்.

உங்கள் சலுகைப் பட்டியலுக்கு இம்யூட்டபிள் அர்ரே போதும், உருவான பிறகு அதில் சேர்க்க வழியே இல்லை. ஐரீட்ஒன்லிலிஸ்ட் என்று டைப்பை மாற்றினால் போதுமே என்று யாராவது சொல்வார்கள். அது கதவில் திரை போடுவதோடு சரி, உள்ளே இருப்பது அதே லிஸ்ட், ஒரு காஸ்ட் (இதை இன்ன டைப்பாக எடுத்துக்கொள் என்று சொல்வது) போட்டால் ஆட் மறுபடி கைக்கு வந்துவிடும். குறியீட்டை வைத்துத் தேடும் டிக்ஷனரி வேண்டுமென்றால், டாட்நெட் 8இல் இருந்தால் ஃபிரோஸன் டிக்ஷனரியைப் பாருங்கள், ஒருமுறை கட்டிவிட்டுத் திரும்பத் திரும்பப் படிக்கும் வேலைக்கென்றே செய்தது. அதற்கு முன்னால், சேர்ப்பது யார் என்று கண்டுபிடிப்பது உங்களுக்குச் சுலபம்: டைப்பைத் தற்காலிகமாக ஐரீட்ஒன்லிலிஸ்ட் என்று மாற்றிவிட்டு பில்ட் செய்யுங்கள், அந்த ஃபீல்டில் நேரடியாக ஆட் போடுகிற இடமெல்லாம் பிழையாகத் தெரியும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இம்யூட்டபிளிலும் ஆட் என்ற மெதட் இருக்கிறது, அது புதிய பட்டியலைத் திருப்பித் தருமே தவிரப் பழையதைத் தொடாது, திருப்பித் தருவதை வாங்காமல் விட்ட இடங்கள் சத்தமில்லாமல் ஒன்றும் செய்யாமல் போய்விடும். அதனால் ஆட் என்று ஒரு தடவை தேடியும் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கான்ஸ்டின் பங்காளிகள் இரண்டு பேரைப் பற்றி எச்சரித்துவிடுகிறேன், அடுத்த தடவை டிஎல்எல்லை மட்டும் அனுப்பும்போது இவர்கள்தான் காலை வாருவார்கள். ஒன்று, டீஃபால்ட் பாராமீட்டர் மதிப்பு. பொது டிஎல்எல்லில் உள்ள ரவுண்ட் செய்யும் மெதடுக்கு இரண்டு தசம இடம் என்று டீஃபால்ட் கொடுத்திருந்தால், அந்த 2 கூப்பிடுகிற எக்ஸியில்தான் பதிகிறது. டிஎல்எல்லில் அதை 0 என்று மாற்றினால் பழைய எக்ஸி இன்னும் 2 என்றே அனுப்பிக்கொண்டிருக்கும். மற்றது எனம் (enum), அதாவது பெயர்களின் வரிசைக்கு எண் கொடுத்து வைக்கும் டைப். பணம், கார்டு, யுபிஐ என்ற வரிசையின் நடுவே புதிதாக ஈஎம்ஐ என்று ஒன்றைச் செருகினால் அதற்குப் பின்னால் உள்ளதன் எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும், பழைய எக்ஸி பழைய எண்ணையே அனுப்பும், கார்டு வரைக்கும் சரியாக இருந்துவிட்டு யுபிஐ வரவெல்லாம் ஈஎம்ஐ கணக்கில் ஏறும். புதியதை எப்போதும் கடைசியில் சேருங்கள், எண்ணையும் கையால் எழுதிவிடுங்கள். ஜாவா டீமில் நண்பர்கள் இருந்தால் அவர்களிடமும் சொல்லலாம், அங்கே ஸ்டாட்டிக் ஃபைனல் என்று எழுதி நேரடியாக ஒரு எண்ணையோ ஸ்ட்ரிங்கையோ கொடுத்தால் அதுவும் இதே மாதிரி பதிந்துவிடும்; கான்ஸ்ட் என்று தனிச் சொல் இல்லாததால் பார்த்தால் தெரியாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது: பொது டிஎல்எல்லில் பப்ளிக் கான்ஸ்ட் என்று தேடுங்கள். விகிதம், வரம்பு, சர்வர் முகவரி, கம்பெனி பெயர், வெர்ஷன் எண் என்று வருபவை எல்லாம் அங்கே இருக்கக்கூடாதவை. விகிதங்களை டேபிளுக்குக் கொண்டுபோங்கள். டேபிளுக்கு நேரமாகும் என்றால் அதுவரை ஸ்டாட்டிக் ரீட்ஒன்லி, ஆனால் அந்த முதல் மாற்றத்துக்கு மட்டும் எல்லா எக்ஸியையும் சேர்த்து பில்ட் செய்து எல்லாக் கடைக்கும் அனுப்பியே ஆக வேண்டும், ஏனென்றால் ஏற்கனவே வெளியே போயிருக்கும் எக்ஸிகளுக்குள் பதிந்த எண் அங்கேயேதான் இருக்கும். அனுப்பும் முன் ஏதாவது ஒரு எக்ஸியை ஐஎல்ஸ்பையில் திறந்து, வரி கணக்கிடும் இடத்தில் எண்ணுக்குப் பதில் ஃபீல்டின் பெயர் தெரிகிறதா என்று சீனியரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.